ரன் என்னும் சொல்லும் நான் சொன்ன இரண்டு மறுப்புகளும்

1

தூத்துக்குடியிலிருந்து நானும் என் மனைவி செல்வராணியும் புறப்பட்டுவந்து, கனடா நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள ஹாலிஃபாக்ஸ் துறைமுக நகரத்தில் குடியேறி, இந்த மாதத்தோடு பதினான்கு ஆண்டுகள் நிறைவடைகின்றன. இத்தகைய நாளில் மனிதன் தான் பெற்றது என்ன என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது இயல்பு. நானும் அவ்வாறு பார்க்க எண்ணி என் குறிப்பேட்டைத் திறந்தேன். அதில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல் பதினேழு பக்கங்களைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. ரன் என்பது அச்சொல்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பின்னர் முப்பத்தோர் ஆண்டுகள் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது கப்பலில் ஏறும் மூட்டைகளையும் இறங்கும் பெட்டிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளும் எழுத்தராக, வேலை பார்த்தேன். கப்பல்காரர்களிடம் பேசுவதற்கு வேண்டிய ஆங்கிலம் என்னிடம் இருந்தது. ரன் என்றால் ஓடு என்பதும், கிரிக்கெட்டில் அதை எண்ணுவார்கள் என்பதும் தெரியும். அவ்வளவு போதும் என்ற நம்பிக்கையோடுதான் விமானம் ஏறினேன்.

முதல் வாரம் எங்கள் மகள் ஜசிந்தாவின் வீட்டில் தங்கியிருந்தோம். ஒருநாள் காலையில் அவள், "பால் ரன் அவுட் ஆயிட்டுப்பா. நான் கடைக்கு ரன் பண்ணிட்டு வந்திருதேன்" என்றாள். ஆட்டக்காரர் ரன் அவுட் ஆவதை அறிந்திருந்தேன். பால் ஆவதை அன்றுதான் அறிந்தேன். மகள் ஓடப்போகிறாளே, வழியெல்லாம் பனி வழுக்குமே என்று சன்னலருகே நின்று பார்த்தேன். அவள் காரில் ஏறி, இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு, சாவகாசமாகச் சென்றாள்.

அடுத்த வாரம் என் முழங்கால் வலிக்காக மருத்துவரிடம் போனோம். இது உங்கள் குடும்பத்தில் ரன் ஆகிறதா என்று அவர் வினவினார். "இல்லை, டாக்டர். எங்கள் குடும்பத்தில் எவரும் ஓடுவதில்லை. என் தந்தையார் திருச்செந்தூர் பஸ்ஸைத் தவறவிடுவாரே தவிர, அதன் பின்னால் ஓடியவர் அல்லர்" என்று பணிவோடு தெரிவித்தேன். அவர் கணினியில் நீளமாக எதையோ தட்டினார். பரம்பரை நோயா என்பதை இங்கே அப்படிக் கேட்பார்களாம். அவர் தட்டியது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பல் மருத்துவமனையில், டாக்டர் ரன்னிங் லேட் என்று வரவேற்புப் பெண் சொன்னாள். கதவிடுக்கில் பார்த்தேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து காபி அருந்திக்கொண்டிருந்தார். என் வெள்ளை வேட்டியைச் செல்வராணியின் சிவப்புச் சேலையோடு இயந்திரத்தில் போட்டபோது சாயம் ரன் ஆனது. அந்த ஓட்டம் என் வேட்டியில் வந்து முடிந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் பூசைக்கு நான் இளஞ்சிவப்பு வேட்டியில் போனேன். இங்கே மூக்கு ஓடுகிறது, காய்ச்சல் ஓடுகிறது, பெண்களின் காலுறையில் நூல் விட்டால் அதுவும் ஓடுகிறது. ஒருமுறை குடியிருப்பு மேலாளர் ஒரு காகிதத்தோடு வந்து, இதை உங்களைக் கடந்து ரன் பண்ணிப் பார்க்கிறேன் என்ற பொருள்பட ஏதோ சொன்னார். அவர் ஓடுவதற்கு இடம் வேண்டுமே என்று சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். கருத்துக் கேட்பதற்கு அப்படியொரு வழக்கு உண்டென்பது பிறகே விளங்கிற்று.

இந்த நாட்டில் எதுவும் சும்மா இருப்பதில்லை, மனிதர்களைத் தவிர. இப்படி என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

2

துறைமுகத்தில் பாரந்தூக்கும் விஞ்ச் ஓட்டிய சூசை எனக்கு நாற்பதாண்டு நண்பன். சனிக்கிழமைதோறும், எங்களுக்குக் காலையாகவும் அவனுக்கு மாலையாகவும் இருக்கும் நேரத்தில், தொலைபேசியில் பேசுவான். இச்சொல்லின் விசித்திரங்களை அவனிடம் விரித்துரைத்தேன். அவன் அசரவில்லை.

"நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது அண்ணாச்சி? கடிகாரம் ஓடுது. மோட்டார் ஓடுது. படம் நூறு நாள் ஓடுது. குடும்பம் ஏதோ ஓடுதுன்னு சொல்லுதோம். நீரு இங்கன இருந்த வரைக்கும் இதையெல்லாம் நோட்டுல எழுதினீரா?"

"இல்லையே."

"அதான். அங்கன போய் வேல இல்லாம இருக்கீரு."

பிறகு, "உமக்கு மூளை நல்லா ஓடுது அண்ணாச்சி. எனக்குத்தான் ஒண்ணும் ஓடல" என்று சேர்த்துக்கொண்டான். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. தன் சொல் எத்தனை பக்கம் ஓடுகிறது என்பதைப் பிறன் சொல்லைப் பார்த்த பிறகே ஒருவன் எண்ணத் தொடங்குகிறான்.

என் மகளோ இரண்டையும் கலந்துவிட்டாள். "அப்பா, நான் ஒரு டிபார்ட்மென்ட்டையே ஓட்டுதேன்" என்கிறாள், மாட்டு வண்டியைச் சொல்வதுபோல. "குளியல் ஓட்டி வச்சிருக்கேன், வந்து குளிங்க" என்று ஒருநாள் அழைத்தாள். தொட்டியில் வெந்நீர் நிரப்பியிருந்தாள். பிள்ளைகள் மொழியை மறந்துவிடுகிறார்கள் என்று பலரும் வருந்துகிறார்கள். என் மகள் மறக்கவில்லை. ஆங்கிலத்தில் நினைத்ததைத் தமிழில் சிரத்தையோடு சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்டுச் சிரிப்பதா கலங்குவதா என்று எனக்குத் தெரிவதில்லை. ஆதலால் குளிக்கப் போய்விடுகிறேன்.

3

மகள் பணியின் பொருட்டு வேறு நகரம் சென்ற பின்னர், முதியோர்க்கென்றே கட்டப்பட்ட ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் ஐந்தாம் மாடியில் வசிக்கிறோம். எதிர்வீட்டில் கென் என்பவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். சுத்தத்திலும் அமைதியிலும் நம்பிக்கை உடையவர். பனிக்காலத்தில் எங்கள் காலணிகளையும் சேர்த்து ஒழுங்காக அடுக்கிவைப்பவர். நல்ல மனிதர்.

சென்ற மாதம் மின்தூக்கியில் அவர் ஓர் அறிவிப்பை ஒட்டினார். குடியிருப்போர் குழுவுக்குத் தலைவர் தேர்தல் நடக்கவிருப்பதாகவும், தாம் அதற்கு ரன் பண்ணுவதாகவும், வென்றால் மாடிகளில் கடும் வாசனை எழுப்பும் பொரியல்களைத் தடைசெய்யும் விதி ஒன்றைக் கொண்டுவரப்போவதாகவும் அதில் எழுதியிருந்தார். பெயர் எதுவும் குறிப்பிடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மீன் பொரிக்கும் வீடு ஐந்தாம் மாடியில் ஒன்றுதான் உண்டு.

இவ்விடத்தில் வாசகர்க்கு ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். இந்த ஊர்க் கடலில் கிடைக்கும் அயலை மீன் நம் ஊர் அயலைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். பதினான்கு ஆண்டுகளில் செல்வராணி இந்த ஊரோடு சமாதானம் செய்துகொண்ட ஒரே இடம் அந்த மீன்தான். குளிர் பிடிக்காது, ரொட்டி பிடிக்காது, நான்கு மணிக்கே இருட்டுவது பிடிக்காது. வெள்ளிக்கிழமை காலையில் மிளகாயும் மஞ்சளும் அரைத்துத் தடவி மீனை ஊறவைக்கும்போது மட்டும் அவள் தனக்குள் ஏதோ பாடிக்கொண்டிருப்பாள்.

அறிவிப்பை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அப்ப நான் எங்கன போய்ப் பொரிக்க?" என்றாள்.

"அவிச்சுத் தின்னலாம்னு அவரு நினைக்காரு போல."

"அவிச்சா? அவரு தெனமும் முட்டைக்கோசு அவிக்காரே, அந்த வாசத்துக்கு நான் நோட்டீசு ஒட்டினேனா? ஒரு வார்த்த சொன்னேனா? சன்னலச் சாத்திக்கிட்டுச் சும்மாதான இருந்தேன்." பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெல்லிய குரலில், "இதுவும் இல்லைன்னா நான் ஊருக்குப் போறேன். நீங்க வேணும்னா இங்கன இருந்து நோட்டுல எழுதுங்க" என்றாள்.

அவள் கோபத்தில் பேசியிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

4

மறுநாள் மூன்றாம் மாடி டோரத்தி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற செவிலியர், தேர்தலை நடத்தும் பொறுப்பு அவருடையது. "மிஸ்டர் தாஸ், வில் யூ ரன்?" என்றார். தலைவர் பதவிக்கு என்னைப் போட்டியிடச் சொல்கிறார் என்பது அக்கணமே விளங்கிவிட்டது. பதினேழு பக்கங்கள் வீண்போகவில்லை. நம் ஊரில் தேர்தலில் நிற்போம், இங்கே ஓடுகிறார்கள். ஒருவேளை குளிர் காரணமாக இருக்கலாம்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மின்தூக்கி அடிக்கடி பழுதாகி நின்றது. பழைய தொழில் பழக்கத்தால், அது நின்ற நாளையும் நேரத்தையும் திரும்ப இயங்கிய நேரத்தையும் விடாமல் குறித்துவந்தேன். அந்தப் பட்டியலை நிர்வாகத்திடம் கொடுத்ததும் புதிய மின்தூக்கி வந்தது. அன்று முதல் ஏழு மாடியிலும் எனக்கு மரியாதை.

உள்ளம் துள்ளியது. பதவி வந்தால் மீனும் பிழைக்கும், நானும் இந்த ஊரில் ஓர் ஆளாவேன். இந்த இரண்டாவது ஆசையை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் நான் வாய் திறந்து சொன்னது இதுதான்: "இல்லை, இல்லை. எனக்குத் தகுதி போதாது. என்னிலும் சிறந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும், ஏனையோர்க்காக விளக்குகிறேன். எங்கள் தெருவில் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவரைத் தேடும்போது பெரியவர்கள் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். முதல்முறை, சின்னவர்கள் இருக்கிறார்களே என்று சொல்லவேண்டும். இரண்டாம்முறை, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லவேண்டும். மூன்றாம்முறை எதுவும் சொல்லாமல் உள்ளே பார்த்துக் காபி கொண்டுவரச் சொன்னால், ஒப்புக்கொண்டாயிற்று என்று பொருள். ஒருவர் முதல்முறையே சரி என்று சொல்லிவிட்டார். திருவிழாவை அவர் குறையில்லாமல்தான் நடத்தினார். ஆனால் சாகும்வரை தெருவில் அவருக்கு ரெடிமேட் என்பதே பெயர்.

டோரத்தி என் கையைப் பற்றிக்கொண்டு, "மனம்விட்டுச் சொன்னதற்கு நன்றி. முழுவதும் புரிந்துகொள்கிறேன்" என்றார். தம் காகிதத்தில் என் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கலங்கவில்லை. இரண்டு முறை பாக்கி இருந்தன. மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை அணிந்து, கதவைப் பார்த்து அமர்ந்திருந்தேன். செல்வராணி காபிக்குப் பால் எடுத்துவைத்தாள். அதற்கடுத்த நாளும் சவரம் செய்தேன். எவரும் வரவில்லை.

5

புதன்கிழமை மின்தூக்கியில் டோரத்தியைக் கண்டேன். தற்செயலாகக் கண்டதுபோல் கண்டேன்; உண்மையில் அவர் தபால் எடுக்கவரும் நேரம் எனக்குத் தெரியும்.

"கென் போட்டியில்லாமலே ரன் பண்ணுகிறார்" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். பிறகு, மூன்றாம் மாடி நெருங்கும் தறுவாயில், "நீங்கள் மனம் மாறினால் ஒழிய" என்றார்.

இரண்டாம்முறை. கேட்டேவிட்டார். முப்பது நாற்பது ஆண்டுகளாக என் தெருவில் பெரியவர்கள் எத்தகைய குரலில் சொல்லக் கேட்டேனோ அத்தகைய குரலில், "முழங்கால் பெரும் தொல்லை கொடுக்கிறது, மேடம்" என்று சொன்னேன். இன்னும் ஒன்றே ஒன்று என்று உள்ளம் எண்ணியது.

கதவு திறந்தது. "பாவம், நன்றாக ஓய்வெடுங்கள்" என்று சொல்லி அவர் இறங்கிக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது.

அன்று மாலை அவரே மீண்டும் வந்தார். நான் நிமிர்ந்து அமர்ந்தேன். செல்வராணி அடுப்பில் பால் வைத்தாள். அவர் ஒரு குப்பியை என் கையில் கொடுத்தார். முழங்காலுக்குத் தடவும் தைலம். கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வேட்புமனுவுக்குக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. வியாழக்கிழமை மகளைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையை எடுத்துரைத்தேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் செல்வராணியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க நோன்னா நோதான்" என்றாள் ஜசிந்தா. "திரும்பத் திரும்பக் கேட்டா உங்க பேச்சுக்கு மதிப்புக் குடுக்கலைன்னு ஆயிரும். உங்கள மதிச்சுத்தான் கேக்காம இருக்காங்க."

"கேக்காம இருக்கது மதிப்பா?"

"ஆமாப்பா. நீங்களே போய் எஸ்னு சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேல."

"நானே போய் எனக்குப் பதவி குடுன்னு கேக்கவா? ஊர்ல சூசைக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவான்?"

"சூசை மாமா எப்படிப்பா ஹாலிஃபாக்ஸ்ல ஓட்டுப் போடுவாங்க?"

பதினான்கு ஆண்டுகளாக நான் இந்த நகரத்தில் வாழ்ந்தாலும், என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் எங்கள் தெருவில் அல்லவா இருக்கின்றன?

6

வெள்ளிக்கிழமை அயலை வாங்கவில்லை. மாலை நான்கரை மணிக்குச் செல்வராணி தலைவாரி, கோவிலுக்கு உடுத்தும் நீலச் சேலையை உடுத்திக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"எங்கன போற?"

"மூணாவது மாடிக்கு."

"எதுக்கு?"

"நீங்க மூணாவது தடவைக்குக் காத்துக் கிடங்க. எனக்கு மீன் பொரிக்கணும்."

நான் பின்தொடர்ந்தேன். உடன் போவதுபோல் தோன்றாதிருக்க, பத்தடி தள்ளி நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பவன்போல் இருந்தேன். டோரத்தி கதவைத் திறந்தார். என் மனைவி நிமிர்ந்து நின்று, "டோரத்தி. ஐ ரன்" என்றாள்.

"தலைவர் பதவிக்கா, செல்வி?"

"யெஸ்."

அவ்வளவுதான். சிரிப்பில்லை, தயக்கமில்லை. நான் பதினேழு பக்கம் எழுதிய சொல்லை அவள் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பயன்படுத்தினாள், பிழையின்றிப் பயன்படுத்தினாள். டோரத்தி அவளைக் கட்டிக்கொண்டு படிவத்தை நீட்டினார். போட்டியிடும் காரணம் என்ற இடம் வந்ததும் செல்வராணி என் பக்கம் திரும்பி, "அங்கன நின்னு என்ன படிக்கிய? இங்கன வாங்க. மீனுன்னு எழுதுங்க" என்றாள்.

ஒவ்வொரு வீட்டு அடுப்பும் அதனதன் வழக்கப்படி எரியும் உரிமையைக் காத்தல் என்று நான் ஆங்கிலத்தில் எழுதினேன். வழிமொழிபவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அப்போது எனக்குப் பொறாமை எழவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

அடுத்த வாரம் அவள் ஏழு மாடியும் ஏறி இறங்கினாள். கேட்டது ஒரே கேள்வி: "யூ குக் வாட்?" ஒருவர் பன்றி இறைச்சி வறுப்பதாகச் சொன்னார், ஒருவர் பூண்டு, ஒருவர் பழைய பாலாடைக்கட்டி. ஒவ்வொருவரும் சொல்லிமுடித்ததும் தம் வீட்டை ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார்கள். அவள் தலையை அசைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவாள். ஓட்டுப் போடுங்கள் என்று எவரிடமும் அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

கூட்டத்தில் கென் பன்னிரண்டு நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். செல்வராணி மூன்று வாக்கியம் பேசினாள். மாடிகளில் புகையை வெளியேற்றும் மின்விசிறிகள் வேலை செய்யவில்லை. விசிறி ஓடினால் வாசம் போய்விடும். முதலில் விசிறியைச் சரிசெய்யச் சொல்லுவோம். நான் எழுதிக்கொடுத்த இரண்டு பக்க உரையை அவள் இடுப்பில் செருகியிருந்தாள், எடுக்கவேயில்லை. கென்னைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வாக்குகள் பெற்று வென்றாள். கென் முதல் ஆளாக வந்து கைகுலுக்கி, தம் வீட்டு விசிறியும் மூன்று ஆண்டுகளாக நின்றுதான் கிடக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

மறு வெள்ளிக்கிழமை மீன் வாங்கினோம். செல்வராணி அடுப்பில் சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினாள். நான் வாசலுக்கருகே நாற்காலியில் அமர்ந்து, நிர்வாகத்துக்கு யார் கடிதம் எழுதப்போகிறார்கள், கூட்டக் குறிப்பை யார் வைத்துக்கொள்ளப்போகிறார்கள் என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

முதல் துண்டத்தைச் சட்டியில் இட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பாராமலே அவள் கேட்டாள்: "கமிட்டிக்குச் செக்ரட்டரி வேணுமாம். டோரத்தி நாலஞ்சு பேரு சொல்லுதாவ. நீங்க எழுதுதியளா?"

அவள் மீனைப் புரட்டிப் போடுவதற்குள், "எழுதுதேன்" என்று சொல்லிவிட்டேன்.